கடைக்காரர் என்று எழுதினேன்

அண்ணையின் வாக்குமூலத்தை எழுதியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துக் கடைசியில் இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு இப்போது தெம்பில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சுவிஸில், லுட்சேர்னை ஒட்டிய எம்மன்புரூக்கேயில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் ஆறு பேர் இருந்தோம். ஆறு பேருமே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, தலைநகர் பேர்னிலிருந்து முடிவு வரும் என்று தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஐந்து பேருக்கு இருபத்தைந்து, முப்பது வயது. ஆறாமவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இங்கும் அப்படியே இருக்கட்டும்.

நான் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினேன். அண்ணை ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்குத் தோல் சீவினார். ஊரில் நான் ஒரு பிரக்கிராசியாரின், அதாவது வழக்கறிஞரின், கந்தோரில் தட்டெழுத்தாளனாக இருந்தவன். சத்தியக்கடதாசி எழுதி எழுதிக் கை பழகியிருந்தது. இங்கே வந்ததும் அந்தப் பழக்கம் எனக்கு ஒரு மரியாதையைத் தந்தது. விசாரணைக்குப் போகுமுன் ஆட்கள் என்னிடம் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, வெட்டி, ஒட்டி, தேதிகளை ஒழுங்குபடுத்தி, போலீஸ் கந்தோரில் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொடுப்பேன். உண்மையைச் சொன்னால் மட்டும் போதாது, அது உண்மை மாதிரியும் இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. நான் எழுதினால் நிற்கும் என்று பெயர் வேறு எடுத்திருந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

அண்ணை தன் கதையைச் சொன்ன அன்று நான் பாதியிலேயே பேனாவை மூடிவிட்டேன். பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்திருக்கிறார். பதினாறு வருடம் கப்பலின் அடித்தட்டில், கொதிகலனடியில் வேலை. தமிழன் என்பதால் இனி மேலே ஏற வழியில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டு வந்து, யாழ்ப்பாணம் டவுனில் மைத்துனரின் இரும்புக்கடையில் நின்றிருக்கிறார். கடை எரிந்தது. பெண்சாதியையும் மகளையும் விட்டுவிட்டு வந்துவிட்டார்.

“அண்ணை, கடற்படையைப் பற்றி ஒரு சொல்லும் வரப்படாது” என்றேன்.

“ஏன் காணும்? அது அந்தக் காலத்து நேவி. நான் விட்டே கனகாலம்.”

“அவைக்கு அந்தக் காலம் இந்தக் காலம் விளங்காது. அரசாங்கத்தின்ரை ஆள் எண்டு எழுதிப்போட்டு அனுப்பிவிடுவினம். எங்கடை ஆக்களுக்குள்ளையும் இது போனால் வேறை கதை கட்டுவாங்கள்.”

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

“பதினாறு வருசம். அது எங்கை போகும்?”

“கடைக்குள்ளை போகும் அண்ணை.”

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். இரும்புக்கடையைப் பதினாறு வருடம் பின்னால் இழுத்து, பதினெட்டு வயதுப் பெடியனாக அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டு கிழமை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து அவரைக் கேள்வி கேட்பேன். கடையில் முதன்முதல் என்ன விற்றீர்கள்? ஆணி. எத்தனை வயதில்? பதினெட்டு. முதலாளி யார்? அவர் ஒரு தடவைகூடப் பிழைவிடவில்லை. கடற்படை பழக்கிய மனிதர், சொன்னதைச் சொன்னபடி செய்வார். விசாரணையிலும் அப்படியே சொல்லிவிட்டு வந்தார்.

இதற்கு மேல் ஒரு விதி எங்களுக்குள் இருந்தது. யாரும் எழுதிவைத்த விதியல்ல. முதல் விசாரணையில் என்ன சொன்னோமோ அதையேதான் இந்த நாட்டில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். போலீசுக்கு, நகரசபைக்கு, வேலைத்தலத்துக்கு, பல் வைத்தியருக்கு, எல்லோருக்கும். முத்திரை குத்துகிற கை எல்லாம் ஒரே உடம்பில் இருந்து வருகிறது என்று நம்பினோம். எந்தக் கடதாசியும் கடைசியில் பேர்னில் ஒரு பெட்டிக்குள் போய் விழும், அங்கே ஒருவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஊரில் நாங்கள் பார்த்த அரசாங்கம் எதையும் ஒழுங்காகச் செய்ததில்லை. அதனாலோ என்னவோ, இந்த அரசாங்கம் எல்லாவற்றையும் செய்யும் என்று பயந்தோம்.

முதல் பனி கொட்டிய காலையில் அண்ணையும் நானும் பஸ் தரிப்பில் நின்றோம். மற்றவர்கள் எல்லோரும் முதல் பனியைக் கண்டு குழந்தைகள் மாதிரி ஆடினார்கள். அண்ணை கையில் கொஞ்சம் எடுத்து உருட்டி, மின்கம்பத்தின் மேல் எறிந்தார். குறி தப்பவில்லை.

“எங்கடை எஞ்சின் அறையிலையும் உப்பிடித்தான் கொட்டும்” என்றார்.

நீராவிக் குழாய்களுக்கு மேலே வெள்ளையாகப் பூசியிருப்பார்களாம், சூடு வெளியே போகாமல் இருக்க. குழாய் ஒழுகினால் அந்தப் பூச்சைச் சுத்தியலால் அடித்து உடைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாத அளவுக்குத் தூள் பறக்கும். பிறகு சாக்கிலிருந்து புது மாவை வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, ரொட்டிக்குக் குழைப்பது போல வெறுங்கையால் குழைத்துப் பூச வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் அதை உருட்டி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடுவார்களாம்.

“என்ன மாவு அண்ணை?”

“அஸ்பெஸ்டஸ். நெருப்புப் பிடியாது. வெள்ளைக்காரனிட்டை வாங்கின பழைய கப்பல், உள்ளை முழுக்க அதுதான். சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளையும் கிடக்கும்.”

பஸ் வந்தது, ஏறினோம். ஊரில் கூரைக்குப் போடுகிற சீற் தகடு தவிர அந்தச் சொல்லுக்கு எனக்கு வேறு பொருள் தெரியாது. ஆனால் சொல் எனக்குத் தெரியும். அண்ணை அதை எனக்குச் சொல்லியிருந்தார். இதை நான் மறந்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்ல முடியாது.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக ஏரியில் கப்பலேறினோம். லுட்சேர்ன் ஏரியில் ஓடும் பழைய நீராவிக் கப்பல்களில் நடுத்தட்டைத் திறந்து வைத்திருப்பார்கள், கம்பித் தடுப்பில் சாய்ந்து கீழே இயந்திரம் சுழல்வதைப் பார்க்கலாம். மற்ற எல்லோரும் மலைகளுக்கு முன்னால் நின்று ஊருக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள். அண்ணை போகும்போதும் வரும்போதும் அந்தத் தடுப்பை விட்டு அசையவில்லை. கீழே நின்ற இயந்திரக்காரர் அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். அண்ணையும் அசைத்தார். நான் பக்கத்தில் போய், “அண்ணை, அந்தாளோடை ஒண்டும் கதையாதேங்கோ” என்றேன். அவர் சரி என்றார். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த மனிதரை அதைக்கூட விடாமல் அதட்டினேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

கரையில் இறங்கி ஸ்டேஷனுக்கு நடக்கும்போதுதான் அவருக்கு மூச்சு வாங்கியது. பாலத்தின் நடுவில் இரண்டு தடவை நின்றார். வயது போகுது என்றார். மாரிக் குளிர் தொடங்குவதற்குள் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். வலது பக்கம் படுக்க முடியவில்லை, குத்துகிறது என்றார். கால்சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டினார்.

மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. நெஞ்சுக்கூட்டுக்குள் நீர் தேங்கியிருக்கிறது என்றார்கள். ஊசி போட்டு ஒரு போத்தல் நிறைய இழுத்தார்கள். அந்த இளம் டாக்டர் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் என்ன வேலை செய்தார் என்று கேட்டார்.

நான் அண்ணையிடம் கேட்கவே இல்லை. கடைக்காரர் என்றேன். எத்தனை வருடம் என்று கேட்டார். பதினெட்டு வயதிலிருந்து என்றேன். பாடம் எனக்கும் மனப்பாடம்தானே.

எங்கள் பக்கத்து ஆள், மெலிந்திருக்கிறார், நெஞ்சில் நீர். அவர்கள் சயரோகம் என்று சந்தேகப்பட்டதில் என்ன பிழை? கடையில் நின்ற மனிதருக்கு வேறு என்ன வரும்? கிருமி அகப்படவில்லை, ஆனாலும் மருந்தைத் தொடங்குவோம், பாதுகாப்புக்காக மலையில் உள்ள ஒரு கிளினிக்கில் கொஞ்சக் காலம் இருக்கட்டும் என்றார்கள். கொஞ்சக் காலம் என்பது ஐந்து மாதமாக நீண்டது.

மலைக்குப் போகுமுன் பத்து நாள் அவர் வீட்டில் இருந்தார். அந்தப் பத்து நாளைப் பற்றியும் எழுத வேண்டும். அவருக்கென்று ஒரு பச்சைக் கோப்பை, ஒரு பீங்கான் தட்டு என்று ஒதுக்கினோம். சாப்பிட்டு முடிந்ததும் அவரே கழுவித் தொட்டியின் அடியில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மெத்தையை அடுப்படிக்கு மாற்றினோம். யார் முதலில் சொன்னது என்று ஞாபகமில்லை. யாரும் மறுக்கவில்லை, நானும்தான். எல்லோரும் போய் நெஞ்சுக்கு எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டு வந்தோம். படம் நன்றாக இருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டது அண்ணைக்குக் கேட்டிருக்கும், சின்ன வீடு.

மலைக்கு நான் இரண்டே தடவை போனேன். ரயில், பிறகு இன்னொரு ரயில், பிறகு பஸ். நீளமான பல்கனியில் கம்பளிக்குள் சுருண்டு படுத்திருப்பார். தமிழில் ஒரு சொல் கதைக்க ஆளில்லை. “வாய் புளிச்சுப்போச்சு தம்பி, கதையாமல்” என்றார் இரண்டாம் தடவை. அந்த ஐந்து மாதத்தில் அவருக்கு வந்த ஆட்கள் என்னையும் சேர்த்து மொத்தம் நாலு பேர்.

அங்கேதான் அவருக்குப் பெண்சாதியின் கடிதம் வந்தது. எங்கள் வீட்டுப் பெடியன் ஒருவன் தன் தாய்க்கு எழுதிய கடிதத்தில், அண்ணைக்குக் கசம், நாங்கள் எல்லாம் கவனமாக இருக்கிறோம் என்று ஒரு வரி போட்டிருக்கிறான். சயரோகத்தை ஊரில் கசம் என்றுதான் சொல்வோம். அந்த வரி ஊருக்குள் நடந்து போய்விட்டது. மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த இடம், சாதகம் எல்லாம் பொருந்தியபின், பேச்சைக் கைவிட்டுவிட்டது. வேறு இடங்களும் வாசலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகின்றன, கசக்காரன் வீடு என்று பெயர் விழுந்துவிட்டது, உங்களுக்கு உண்மையிலேயே அதுதானா என்று பெண்சாதி கேட்டிருந்தார்.

அண்ணை கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் வாசித்து முடிக்கும்வரை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு இது கசம் இல்லையெண்டு நினைக்கிறன்” என்றார். “கொதிகலனடியிலை என்னோடை நிண்டவங்களிலை நாலு பேர் நெஞ்சு வருத்தத்திலை செத்துப்போட்டாங்கள். ஒருத்தனைத் திருகோணமலையிலை கசம் எண்டு சொல்லித்தான் தனிய வைச்சிருந்தவை. அவன்ரை பெண்சாதிக்கோ பிள்ளையளுக்கோ ஒண்டும் வரேல்லை. கசமெண்டால் வந்திருக்கும்தானே?”

கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன். “டொக்டர்மாருக்குத் தெரியும் அண்ணை” என்று சொல்லிவிட்டு பஸ்சைப் பிடிக்க வந்துவிட்டேன்.

மருந்து எதையும் செய்யவில்லை. நீர் திரும்பத் திரும்ப ஊறியது. வசந்தத்தில் அவரைக் கீழே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை பார்த்தது நுரையீரல் பிரிவின் பெரிய டாக்டர், நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண். அவர் படிவத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அண்ணையின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“இளம் வயதில் என்ன வேலை? தொழிற்சாலை? கட்டட வேலை? கப்பல்? அஸ்பெஸ்டோடு எப்போதாவது?”

அஸ்பெஸ்ட் என்று அவர்கள் சொல்வதை விளங்கிக்கொள்ள அண்ணைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் தலை நிமிர்ந்தது. வாய் திறந்தது.

“அண்ணை” என்றேன் நான் அவசரமாகத் தமிழில். “கேஸ் இன்னும் முடியேல்லை. கப்பல் எண்டால் நேவி எண்டு வரும். நேவி எண்டால் எல்லாம் பொய் எண்டு வரும். கடை எண்டே இருக்கட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். “இது டொக்டர் தம்பி.”

“எல்லாம் ஒரே பேப்பர்தான் அண்ணை.”

அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு, “உமக்குத்தானே உதெல்லாம் தெரியும். சரி” என்றார்.

நான் டாக்டரிடம் திரும்பி, இல்லை, கடைதான் என்றேன். நாங்கள் நீளமாகக் கதைத்ததையும் என் பதில் கட்டையாக இருந்ததையும் அவர் கவனித்திருப்பார். எழுதிக்கொண்டு போனார். நெஞ்சில் சின்னதாக ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். அண்ணையின் கேசுக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அவருடைய வாக்குமூலம் பிழைத்தால் எழுதியவன் யார் என்று தேடுவார்கள், நான் எழுதிய மற்ற எல்லாவற்றையும் கிளறுவார்கள், அதில் என் சொந்த வாக்குமூலமும் இருக்கிறது. மீதிப் பாதி அது.

அண்ணையின் பக்கத்துக் கட்டிலில் ஒரு சுவிஸ்காரர் கிடந்தார். மூக்கில் ஒக்சிஜன் குழாய். வீடுகளுக்குச் சூடேற்றும் கொதிகலன்கள் பொருத்தி ஓய்வுபெற்றவர். அடுத்த கிழமை ஒரு மத்தியானம் நான் உள்ளே போனபோது இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கதைத்துக்கொண்டு என்றா சொன்னேன்? சுவிஸ்காரருக்குத் தன் ஊர்ப் பேச்சைத் தவிர வேறு வராது, அண்ணைக்குச் சமையலறை ஜெர்மன். அண்ணை காற்றில் ஒரு வாளியை வைத்து, கையால் குழைத்து, குழாயில் பூசிக்காட்டினார். சுவிஸ்காரர் தலையைத் தலையை ஆட்டி, தானும் அதையே செய்துகாட்டினார். பிறகு அண்ணை ஒரு உருண்டை பிடித்து அவர்மேல் எறிந்தார். அந்த மனிதர் இருமல் வரும்வரை சிரித்தார். வந்த ஒன்றரை வருடத்தில் அண்ணை ஒருவரோடு அவ்வளவு கதைத்ததை நான் காணவில்லை.

அதே நேரம் டாக்டர் சுற்றுக்கு வந்தார். சுவிஸ்காரர் குழாயை மூக்கிலிருந்து தள்ளிவிட்டு, “இவரும் என்னைப் போலத்தான், டாக்டர். கப்பலில் கொதிகலனடியில் வேலை செய்தவராம், வருடக்கணக்காக” என்றார், ஒரு நல்ல செய்தி சொல்வது போல.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் கடை என்று சொன்னீர்கள். இரண்டு தடவை.”

குரலில் கோபம் இல்லை. ஆனாலும் எனக்கு விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பதாகவே பட்டது. அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த வசனத்தை இன்றைக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வேன்.

“எனக்கு அவர் அப்படித்தான் சொன்னார்.”

நல்ல ஜெர்மனில் சொன்னேன், இலக்கணப் பிழை இல்லாமல். அண்ணைக்கு விளங்காது என்று நினைத்திருப்பேன் போல. ஆனால் ஒன்றரை வருடம் சமையலறையில் நின்ற மனிதருக்கு ‘அவர் சொன்னார்’ என்பது விளங்காமல் போகுமா? யார் உப்புப் போட்டது, யார் அடுப்பை அணைக்கவில்லை என்று நாள் முழுக்க அங்கே கேட்கிற வசனம் அதுதானே.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார்.

“யா” என்றார். தன் உடைந்த ஜெர்மனில், “நான் சொன்னது. கடை” என்றார்.

டாக்டர் பேனாவை எடுத்தார். எத்தனை வருடம், என்ன வேலை என்று கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். எழுதி முடித்துவிட்டு, சோதனை முடிவும் அதைத்தான் சொல்கிறது என்றார். நெஞ்சுக்கூட்டின் உள்உறையில் வரும் புற்றுநோய். அந்தத் தூளைச் சுவாசித்து இருபது, முப்பது வருடம் கழித்து வரும். கப்பல் அடித்தட்டில் நின்ற கடற்படைக்காரர்களுக்கு எந்த நாட்டிலும் வருகிறது. முதலிலேயே தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்க முடியாது. “ஆனால் மலைக்கு அனுப்பியிருக்க மாட்டோம்” என்றார்.

“இது பேர்னுக்குப் போகுமா?” என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டாம் தடவை கேட்டபின், “ஏன் போகவேண்டும்? இது அவருடைய நெஞ்சு” என்றார். நோயாளியின் கோப்பு மருத்துவமனையை விட்டு வெளியே போகாதாம். அதைச் சட்டம் தடுக்கிறதாம். அது எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அண்ணைக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தொத்துமோ?” என்று கேட்டார்.

“தொத்தாது அண்ணை.”

“அப்ப கசம் இல்லை?”

“இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் வந்தது சந்தோஷம்தான், எனக்குச் சந்தேகமில்லை. “டொக்டரிட்டைக் கேளும்” என்றார் கண்ணைத் திறக்காமல். “அதை ஒரு பேப்பரிலை எழுதித் தரச்சொல்லும். முத்திரை குத்தி. நீர் தமிழிலை எழுதி வீட்டுக்கு அனுப்பும். பிள்ளையின்ரை விசயம்.”

டாக்டர் இரண்டு நாளில் கடிதம் தந்தார். அரைப் பக்கம். இவருக்குச் சயரோகம் இருந்ததில்லை, இந்த நோய் யாருக்கும் தொற்றாது, பிள்ளைகளுக்கும் வழிவழியாகப் போகாது, காரணம் கப்பலில் சுவாசித்த அஸ்பெஸ்டஸ் என்று தெளிவாக எழுதியிருந்தார். பிறகு ஏன் சயரோக மருந்து கொடுத்தார்கள் என்று யாரும் கேட்டால் பதில் வேண்டுமே, அதற்காக ஒரு வசனம். நோயாளி தன் முந்தைய தொழிலைப் பற்றித் தவறான தகவல் தந்ததால் நோயைக் கண்டுபிடிப்பது தாமதமானது.

கட்டில் ஓரத்தில் இருந்து மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வசனமாக அவருக்கு வாசித்தேன். அந்த வசனம் வந்ததும் நிறுத்திவிட்டேன்.

“இந்த இடத்தை வேறை மாதிரி எழுதிறன் அண்ணை. நான் சொன்னது எண்டு.”

“வேண்டாம்.”

“இல்லை அண்ணை, நான்தான்…”

“தம்பி, மூச்சு இல்லை, கதைக்க வைக்காதையும்” என்றார். “முத்திரை குத்தின பேப்பரிலை ஒண்டு, தமிழிலை வேறொண்டு எண்டால் ஆரும் நம்பமாட்டினம். மாப்பிள்ளை வீட்டார் ஜெர்மன் தெரிஞ்ச ஒருத்தனிட்டைக் காட்டுவினம். ரெண்டும் ஒண்டாய் இருக்க வேணும். நீர்தானே அப்பிடிச் சொல்லித் தந்தனீர்.”

அப்படியே எழுதினேன். என் கையெழுத்தில், ஊர்க் கந்தோரில் பழகிய வட்ட எழுத்தில், நோயாளி தவறான தகவல் தந்தார் என்று.

கடைசி ஆறு கிழமையை அவர் எங்களோடு வீட்டில் கழித்தார். பெடியளிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒருவன் எழுந்து போய் மெத்தையை அடுப்படியிலிருந்து முன்னறைக்கு இழுத்து வந்தான். பச்சைக் கோப்பையைக் குப்பையில் போடப் போனேன். அண்ணை, நல்ல கோப்பை, ஏன் எறிகிறீர் என்று வாங்கி, அதிலேயே தேத்தண்ணி குடித்தார். ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்றெல்லாம் அவர் கதைக்கவில்லை. மகளின் விஷயத்தை மட்டும் கேட்பார், கடிதம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று. சேர்ந்துவிட்டது என்று பெண்சாதியிடமிருந்து பதில் வந்தது. அதை நான் வாசிக்கக் கேட்டார். அதற்கு நாலாம் நாள் போய்விட்டார். பேர்னிலிருந்து அவர் பெயருக்கு எந்தக் கடிதமும் அதுவரை வரவில்லை.

அந்தப் பேப்பர் தன் வேலையைச் செய்தது. வேறொரு இடம் வந்தது, மாப்பிள்ளை இங்கே ஆராவ் நகரில் வேலை செய்கிறவர். சில வருடம் கழித்து அவள் கல்யாணமாகி வந்து சேர்ந்தாள். வந்து ஒரு மாதத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர், கடைசிவரை பக்கத்தில் இருந்தவர் என்று புருஷனிடம் சொல்லி, எனக்கு மீன் துண்டுகளாகப் பார்த்துப் போட்டாள்.

சாப்பிட்டபின் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். ஜெர்மனும் தமிழும் ஒன்றாகப் பின் போட்டிருந்தது. மடிப்புகளில் கிழிந்திருந்தது. எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்கள்!

“அப்பா ஏன் அப்பிடிச் சொன்னவர் எண்டு இண்டைக்கும் விளங்கேல்லை அண்ணா” என்றாள். “டொக்டரிட்டைப் போய் ஆரும் பொய் சொல்லுவினமோ? உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மலையிலை தனியக் கிடந்திருக்கத் தேவையில்லை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அழுவா. உங்களுக்கும் எவ்வளவு கரைச்சல் குடுத்திட்டார்.”

அந்த வரிக்கு மேல் அவள் விரல் இருந்தது. என்னுடைய எழுத்து. சொல்ல வேண்டும் என்றுதான் அன்று ரயிலேறியிருந்தேன். ஆராவ் வரும்வரை வசனத்தைத் தயார்செய்துகொண்டும் வந்தேன்.

“அப்பிடியொண்டும் கரைச்சல் இல்லை” என்றேன்.

அவள் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தாள். ஆறுவதற்கு முன் குடித்துவிட்டு, ஏழு மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.